மரத்தடியில் நின்ற சிவப்புப் பாவாடை

என் வீட்டுக்காரர் இரண்டு கூலிகளை வைத்து அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு பர்மாவில் எங்கள் லான்மடாவ் தெரு வீட்டு மாடிப்படி ஏறியபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "நாம கால் நீட்டவே இடமில்லை, இதை எங்கே வைக்கிறது?" என்று கேட்டேன். இவர் போட்டாதாங் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் குமாஸ்தா. இவருடைய துரை விடுப்பில் சீமைக்குப் போகிறாராம். பூட்டிக்கிடக்கும் பங்களாவில் மழைக்காலத்துப் பூசணம் படத்தைத் தின்றுவிடும், அடுப்பெரியும் வீட்டில் இருக்கட்டும் என்று கொடுத்தாராம். துரையின் பாட்டன் காலத்துப் படம். "கீறல் விழுந்தா என் வேலை போச்சு, பார்த்துக்கோ" என்றார் இவர்.

எண்ணெய்ச் சாயத்தில் எழுதிய சீமைக் கிராமம். பாதிப் படம் வானம், மழை இறங்கப்போகிற கருத்த மேகம். கீழே வயல், ஒரு பெரிய மரம், ஓடையில் இறங்கி நிற்கும் மாடுகள். சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை. இதற்கா இத்தனை பெரிய சட்டம் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் தூசி தட்டும்போதுதான் மரத்தடியில் அவளைப் பார்த்தேன். நகம் அளவுக்கு ஒரு சிறுமி. சிவப்புப் பாவாடை. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் மகள் முந்தின மழைக்காலத்தில்தான் காலராவில் போனாள். அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. "தீபாவளிக்குப் புதுப் பாவாடை கட்டிவிட்டு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போவோம்" என்று இவர் தள்ளிப்போட்டார். சிவப்புப் பாவாடை வந்தது. கட்டிக்கொள்ள அவள் இல்லை.

எங்கள் வழக்கத்தில் கன்னியாகப் போன பெண்பிள்ளை வீட்டுக்குத் தெய்வம். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பாவாடை மடித்துவைத்து, விளக்கேற்றிக் கும்பிடுவோம். பொட்டு வைக்கத்தான் எனக்கு ஒரு நெற்றி இல்லாமல் இருந்தது. வெள்ளிதோறும் அந்தச் சின்ன உருவத்தின்மேல் சந்தனமும் குங்குமமும் தொட்டுவைத்தேன். இவர் பார்த்தார். சில நாள் இவரும் அங்கே கைகூப்பி நிற்பார்.

துரை திரும்பிவிட்டார், மாலையில் படத்தை எடுக்க வருகிறார் என்று ஆள் வந்து சொன்னபோது நான் கடைத்தெருவில் இருந்தேன். இவருக்குக் கைகால் ஓடவில்லை. வாரக்கணக்கில் ஏறிய சந்தனம் கெட்டியாகிக் கிடந்தது, ஈரத்துணிக்கு அசையவில்லை. குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார்.

நான் வந்து பார்த்தேன். மரம் இருந்தது. மாடுகள் இருந்தன. மரத்தடியில் பழுப்பாக ஒரு வெறும் இடம்.

"பாவி மனுசா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்று கத்தினேன். அண்டை வீட்டுப் பர்மாக்காரி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். இவர் துணியைப் பிடித்தபடி சுவரோடு நின்றார்.

துரை வந்தார். படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்து மேகம், வயல், மாடு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். கொடுத்தபடியே இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லி, இவர் தோளில் தட்டிவிட்டுப் படத்தோடு போனார். பாட்டன் காலத்திலிருந்து அந்த வீட்டில் நின்றவளை அந்த மனுஷன் ஒருநாளும் பார்த்ததில்லை!

வேலை தப்பியது. ஆனால் மாடிப்படியில் காலடிச் சத்தம் அடங்கியதும் இவர் தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். பிள்ளை போன அன்றுகூட இவர் அப்படி அழவில்லை.

புளி தேய்த்த துணி மூலையில் கிடந்தது. அதில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது. குங்குமமோ, அவள் பாவாடையோ. அலசாமல் மடித்து, அந்தத் தீபாவளிப் பாவாடைக்குள் வைத்து விளக்கேற்றினேன்.