கடைசி நாள் தீவனம்

நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் பாறசாலையிலிருந்து பூவார் வரைக்கும் எனக்கு டீச்சர் என்றுதான் பெயர். எங்கள் பக்கத்தில் சுவரில் ஒரு படத்தை மாட்டி, அதன் முன்னால் நின்று பேசுகிற பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான். கடலில் கூண்டு வைத்து மீன் வளர்க்கும் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். வருஷா வருஷம் நான் இத்தோடு விட்டுவிடப்போகிறேன் என்று வீட்டில் சொல்லுவேன். இப்போதெல்லாம் வீட்டில் யாரும் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

படத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன்: நம் கடல், நம் மீன், நம் சட்டி. எழுதிய நாளில் அதை மனதார நம்பினேன். கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தும் எங்கள் ஊர்களில் பாதி நாள் தின்பது எங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் வரும் மீனைத்தான். பிடித்து எத்தனை நாள் ஆயிற்று என்பது அந்த மீனுக்கே மறந்திருக்கும். அதற்கு மாற்றாகத்தான் கூண்டு. கரையிலிருந்து படகில் அரை மணி நேரம் போனால், நங்கூரம் போட்டு நிறுத்திய ஒரு பெரிய கறுப்பு வளையம் மிதக்கும். அதிலிருந்து கடலுக்குள் வலை தொங்கும். வலைக்குள் கடல் விரால். மலையாளத்தில் மோத என்பார்கள்.

இந்தக் கூண்டை வைத்திருந்தது பத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஒரு குழு. பாதி கரைக்காரர்கள். மீதி திருப்புறம் பக்கத்து ஆட்கள், பெரும்பாலும் எங்கள் சர்ச் சபைக்காரர்கள். நகரத்துக் கம்பெனி ஒன்று கூண்டை அப்படியே தங்களிடம் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டிருந்தது. முதல் அறுவடையை நெய்யாற்றின்கரைச் சந்தையில் நம் ஆட்களே வாங்கித் தின்றால் கூண்டு நம்மிடம் இருக்கட்டும், இல்லையென்றால் கம்பெனிக்கு விட்டுவிடலாம் என்று குழு முடிவெடுத்திருந்தது. மற்றவர்களுக்கு அது போனால் போகட்டும் என்கிற விஷயம். மீனுக்குத் தீவனம் போடுகிற கரைக்கார அண்ணனுக்கு அப்படியில்லை. தோள்பட்டை கெட்டுப்போய், பெரிய வள்ளத்தில் இனி வலை இழுக்க முடியாது என்று ஆகிவிட்ட மனிதர் அவர். கூண்டுதான் அவருடைய கஞ்சி.

அவர் தீவனம் போடுவதைப் பார்க்க வேண்டும். என்ஜின் சத்தம் கேட்டாலே மீன்கள் மேலே வந்துவிடும். எல்லாரும் வாளியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பும் இடத்தில், இவர் கைப்பிடி கைப்பிடியாக வீசுவார். "எலே, தள்ளிப் போலே, பெறகே நிக்கவனும் தின்னட்டு" என்று ஒரு பெரிய மீனை அதட்டுவார். அது கேட்காது. கடைசி மீன் தின்று முடித்துக் கீழே இறங்கும்வரை படகைத் திருப்பமாட்டார். டீசல் வீணாகிறது என்று நான் எத்தனையோ முறை முணுமுணுத்திருக்கிறேன்.

மே மாதம், ஒரு சனிக்கிழமை அறுவடை என்று முடிவானது. பிடிப்பதற்கு முந்தின நாள் முழுக்க மீனுக்குத் தீவனம் போடக்கூடாது. வயிற்றில் தீவனத்தோடு பிடித்தால் குடல் சீக்கிரம் கெட்டு, வெட்டும்போது நாற்றமடிக்கும். இதை விளக்கிச் சொல்ல என்னிடம் தனிப்படமே இருந்தது. ஆனால் வியாழக்கிழமை மாலை, மூன்றாவது கூட்டத்தை முடித்துவிட்டு வந்த எனக்குப் படத்தை விரிக்கத் தெம்பில்லை.

"அண்ணா, நாளைக்கும் மறுநாள் காலத்தயும் ஒண்ணும் போடாண்டாம். பட்டினி போடணும்" என்றேன்.

"பட்டினியா டீச்சரே?"

"ஒரு நாளுதானே."

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தார். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் அவருடைய படகில்தான் ஏறினேன். பின்னால் இரண்டு வள்ளங்கள் வந்தன. பலகைக்குக் கீழே கால் வைத்தபோது ஏதோ இடறியது. தீவன வாளி. மேலே போட்டிருந்த சாக்கு விலகியிருந்தது. வாளி ஈரமாக இருந்தது. அடியில் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. எங்களுக்கு முன்னாலேயே ஒரு முறை போய்வந்திருக்கிறார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் மறுநாள் ஞாயிறு. எங்கள் சபைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குக் கை நீட்டமாட்டார்கள். திங்கள் முதல் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. காற்று இல்லாமலே அலை திடீரென்று கரையேறும் நாட்கள் அவை, படகு இறக்க முடியாது. கரையில் ஐஸ் வண்டி வந்து நின்றது. இதெல்லாம் பிறகு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உள்ளது உள்ளபடி சொன்னால், எனக்கு அலுப்பாக இருந்தது. இன்னொரு முறை எல்லாரையும் கூட்டி, இன்னொரு முறை எல்லாருக்கும் விளக்கி, இன்னொரு நாள் விடியுமுன் எழுந்து வர என்னால் ஆகாது என்று தோன்றியது. காலால் வாளியைச் சாக்குக்குக் கீழே தள்ளிவைத்தேன்.

சந்தைக்குப் போய்ச்சேர உச்சி வெயிலாகிவிட்டது. எங்களுக்காக விற்க ஒத்துக்கொண்ட மீன்கார அக்கா நல்ல இடமாகப் பிடித்து வைத்திருந்தாள். வளர்த்த மீன் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கக் கூட்டம் வந்தது. எங்கள் ஊரில் பெரிய மீன் என்றால் வாங்குகிறவர் கண்முன்னால்தான் வயிற்றைக் கீற வேண்டும். அக்கா முதல் மீனைக் கீறினாள். பழுப்புக் கூழ் பலகையெங்கும் வழிந்தது. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"அய்யே, இது கோழித்தீவனம் தின்ன மீனாக்கும்" என்றார் ஒருவர். பக்கத்தில் நின்றவர் போனை உயர்த்திப் படம் பிடித்தார். அடுத்த மீனும் அப்படியே இருந்தது. அதற்கடுத்ததைக் கீற அக்கா கத்தியை எடுக்கவில்லை.

"மீனு நல்ல மீனாக்கும் டீச்சரே. சதையப் பாருங்க, என்ன வெள்ளை! ஆனா வயித்தப் பாத்தவன் இனி வாங்கமாட்டான்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது. எங்கள் சபைக் குழுவிலும் வந்தது. மிச்ச மீனைக் கம்பெனி வண்டி அள்ளிக்கொண்டு போனது. எனக்கென்று எடுத்து வைத்த ஒரு மீனைக் கழுவி, குழம்பு வைத்து, மரச்சீனிக் கிழங்கோடு தின்றோம். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

செவ்வாய்க்கிழமை வாசகசாலையில் கூட்டம். தீவனம் போட்டது யார் என்று கேட்டார்கள். அண்ணன் எழுந்து நின்றார்.

"நானாக்கும்."

"டீச்சரு சொன்னது கேக்கல்லியா?"

"கேட்டேன். வெள்ளியாழ்ச்ச ஒண்ணும் போடல்ல. சனியாழ்ச்ச விடியக்காலத்த மனசு கேக்கல்ல. ஏழு மாசம் எனக்க கையால தின்னு வளந்த மீனு. ஒரு வீட்டுலருந்து ஆரையும் வெறும் வயித்தோட எறக்கி விடாண்டாம்னு நெனச்சேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அப்புறம் குழுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு காலத்த நீங்களும் அந்தப் படகுலதானே இருந்திய? ஒண்ணும் தெரியல்லியா டீச்சரே?"

"இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் நான் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயாவும் பருப்பு வடையும் வந்தன. வடை தின்றுகொண்டே கூண்டைக் கம்பெனிக்கு விடுவது என்று கை தூக்கினார்கள். கம்பெனி தன் ஆட்களைக் கொண்டுவந்தது. தீவனம் போட இனி அவர் வரவேண்டாம் என்று ஆயிற்று. எனக்கு அந்த வருஷமும் ஒப்பந்தம் புதுப்பித்தார்கள்.

மழையெல்லாம் ஓய்ந்தபின் ஒரு நாள் பூவாரில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரைப் பார்த்தேன். ஒரு குடைக்குக் கீழே சின்ன மேசை போட்டு லாட்டரி விற்றுக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. ஏறாமல் அவரிடம் போனேன். எத்தனையோ நாளாக நெஞ்சில் உருட்டிக்கொண்டிருந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அண்ணா, அன்னைக்கு வாளிய நான் பாத்தேன்."

"தெரியும் டீச்சரே. காலால தள்ளி வச்சதயும் நான் கண்டேன்."

"பெறகு கூட்டத்துல ஏன் சொல்லல்ல?"

அவர் டிக்கெட்டுகளை நேராக அடுக்கினார். "சொல்லிட்டு? ஒரு ஆளுக்க வேலை போனது போராதா? ஒங்க வேலயும் போணுமா?"

நான் அழுதேன் என்று எழுத ஆசைதான். அழக்கூட வரவில்லை. வெயிலில் அப்படியே நின்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ரெண்டாச்சு. ஏதாம் தின்னியளா?"

"தின்னேன்" என்றேன். அவர் முன்னால் நான் சொன்ன இரண்டாவது பொய்.

"சும்மா சொல்லாதீங்க. வாங்க."

மேசையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். எனக்கு மட்டும் சோறும் மீன்குழம்பும் சொன்னார். தனக்கு ஒரு சாயா. வெட்கத்தோடுதான் ஒவ்வொரு வாயும் தின்றேன். வெளியே இரண்டு பேர் டிக்கெட் கேட்டு வந்து, ஆளைக் காணாமல் திரும்பிப் போனார்கள். அவர் அதைப் பார்த்தார். நான் கடைசி வாய் தின்று முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.