எல்லையில் நின்றவள்

செண்பகராஜ் அந்தக் குதிரையை லாரியிலிருந்து இறக்கிய அன்று அது ஒருவன் தோளைக் கடித்தது. உதை வாங்கிய இன்னொருவன் ஒரு வாரம் நொண்டினான். செவலை நிறம், நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளை. கம்பம் ஊருக்குப் பக்கத்தில் யாரோ பந்தயத்துக்கு என்று வாங்கி, அடித்து அடித்து, இனி இது தேறாது என்று தள்ளிவிட்ட பெண் குதிரை. குளத்தூருக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்ன ஊரில் ஆடு இல்லாத வீடு கிடையாது. குதிரை வந்தது அதுதான் முதல் தடவை. தீனியைத் தள்ளி நின்று கழியால் நகர்த்தி வைத்தார்கள்.

அவனுடைய அக்கா சத்தியபாமா மணியாச்சியில் வாழப் போய், மூன்றாம் வருடம் ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. ஆடுகளைப் பத்திக்கொண்டு காட்டுக்குப் போவாள். தம்பி பெண்டாட்டி உமாதேவி போடுவதைச் சாப்பிடுவாள். மனிதர்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். ஆடுகளிடம் வாய் ஓயாது.

குதிரையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பயந்த ஆட்டை எப்படிச் சேர்ப்பது என்று தெரியும். அதை முகத்துக்கு நேரே பார்க்கக்கூடாது, துரத்தக்கூடாது, கூப்பிட்டுக்கொண்டே இருக்கக்கூடாது. ஆகவே குதிரையைக் கட்டியிருந்த கொட்டடியில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உளுந்து புடைத்தாள். ஆடுகளுக்குச் சொல்லும் கதைகளை அங்கே இருந்து சொன்னாள். மழைக்காலம் முடியும் சமயம் ஒரு நாள் அவள் பிடரியில் சூடாக மூச்சு பட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அதன் கால் தளையை அவிழ்த்துவிட்டாள். செவலை ஆடுகளோடு தரிசில் மேய்ந்தது. கால் குளம்பைத் தூக்கு என்று தொட்டால் தூக்கியது. வாயில் இரும்பு வைத்த பழைய புண் ஆற, கயிற்றை மூக்குக்கு மேலே மட்டும் கட்டிப் பழக்கினாள். "ஏட்டி" என்று ஒரு தடவை சொன்னால் போதும், காட்டின் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வரும். செண்பகராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வண்டியில் பூட்டலாமா என்று அவன் கேட்டான். அவள் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். அடிக்கக்கூடாது. அவன் குலசாமி கோயிலில் சூடம் ஏற்றி, சாட்டையைத் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தான். வண்டி ஓட்டச் சுடலைமணி என்ற சாரதியைப் பேசினார்கள். அவனும் கூடவே நின்று சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

முதல் பந்தயத்துக்கு அவள் போனதே தற்செயல்தான். கூட்டத்தைப் பார்த்துச் செவலை மிரளுமோ என்று பயந்து போய், பந்தயம் முடியும் இடத்தில், கொடி கட்டிய கம்பத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். தூரத்தில் புழுதி தெரிந்தது. அதற்குள்ளிருந்து செவலை தனியாகப் பிரிந்து வந்தது. கொடியைத் தாண்டி நேரே அவளிடம் வந்து, நுரை தள்ளும் வாயை அவள் தோளில் வைத்துக்கொண்டு நின்றது. கூட்டம் சிரித்தது. செண்பகராஜ் தன் கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றி அக்கா கழுத்தில் போட்டான்.

அதிலிருந்து எந்த ஊர்க் கோயில் கொடையில் பந்தயம் என்றாலும் அவளைத் தன் டிவிஎஸ் 50-இல் உட்காரவைத்துக் கொண்டுபோய்க் கொடிக்கம்பத்தில் இறக்கிவிடுவான். நீ நின்னாத்தான் அது வரும் என்பான். அவள் வாழ்க்கையில் யாரும் அவளுக்காக அப்படி ஓடி வந்ததில்லை. பந்தயத்துக்கு முதல் நாள் தலைக்குக் குளித்து, நல்ல சேலையாக எடுத்து வைப்பாள். பெண்கள் அவளைக் காட்டிப் பேசுவதைக் காதில் வாங்காதது போல் நிற்பாள்.

பந்தயம் முடிந்து வரும்போதெல்லாம் செவலையின் பின் தொடையில் காயம் இருந்தது. வண்டியின் ஏர்க்கால் கட்டை உரசுகிறது என்று செண்பகராஜ் சொன்னான். அவள் தன் பழைய சேலையைக் கிழித்து, பஞ்சை உள்ளே வைத்துத் தைத்து, ஏர்க்காலில் சுற்றினாள். அடுத்த பந்தயத்திலும் காயம் வந்தது. இன்னும் தடிமனாகச் சுற்றினாள்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் சித்திரைக் கொடை. அன்று காலையில் அந்தக் காயத்துக்கு மருந்து வாங்கத்தான் கோவில்பட்டி போனாள். பந்தயம் நடக்கும் ஊருக்கு நேரே பஸ்ஸில் வந்துவிடுவதாகத் தம்பியிடம் சொல்லியிருந்தாள். நாட்டு மருந்துக் கடை ஷம்சுல் ஆலம் வேப்பெண்ணெயில் எதையோ குழைத்துக்கொண்டே, காயம் சிராய்ப்பா, குழியா என்று கேட்டார். குழிதான், சின்னச் சின்னதாக, என்றாள். அவர் குழைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் டப்பாவை மூடி அவள் கையில் கொடுத்தார்.

ஓட்டப்பிடாரம் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பந்தயம் கிளம்பிவிட்டது, போன வண்டிகள் திரும்பி வந்து கொடியைத் தொட்ட பிறகுதான் விடுவோம் என்று விழாக் கமிட்டிக்காரர்கள் அதை ஓரங்கட்டி, ரோட்டோரம் நெடுகக் கயிறு கட்டியிருந்தார்கள். கொடிக்கம்பம் இன்னும் தூரத்தில் இருந்தது. பயணிகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். சத்தியபாமாவும் நீட்டினாள்.

கொடியிலிருந்து கிளம்பிய வண்டிகள் பஸ்ஸை ஒட்டிக் கடந்தன. முன்னால் செவலை. அவள் அது ஓடி வந்து சேர்வதைத்தான் இதுவரை பார்த்திருந்தாள், நடுவழியில் பார்த்ததில்லை. காதுகள் தலையோடு ஒட்டிக் கிடந்தன. சுடலைமணி குனிந்து உட்கார்ந்து, வலது கையில் ஒரு சாண் கம்பால் அதன் தொடையில் குத்திக்கொண்டே போனான். கம்பின் நுனியில் ஆணி வெயிலில் மின்னியது. ஏர்க்காலில் அவள் தைத்த சேலைத்துணி படபடத்தது.

"அந்தச் செவலை யாருது?" என்று பின் சீட்டில் ஒருவர் கேட்டார்.

"செண்பகராஜுது அண்ணாச்சி. அதை இன்னைக்கு வரைக்கும் எவனும் முந்துனதில்ல."

"அப்படி என்ன தீனி போடுதான்?"

"தீனில என்ன இருக்கு? அவனுக்கு அக்காக்காரி ஒருத்தி இருக்கா. அவகிட்ட அந்தக் குதிரை பிள்ள மாதிரி. அவளக் கொண்டுபோய்க் கொடிக்கிட்ட நிறுத்திருவான். வண்டி ஓட்டுதவன் பின்னால இருந்து குத்துவான். அவகிட்டப் போய்ச் சேந்தாத்தான் குத்து நிக்கும்னு குதிரைக்குத் தெரியும்லா. பிறகு பறக்காம என்ன செய்யும்?"

"அந்தப் பொம்பளைக்கு இது தெரியுமா?"

"தெரியாமலா இருக்கும்? மாலையெல்லாம் வாங்கிக்கிடுதா."

அவள் மருந்து டப்பாவைச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். கண்டக்டர் எங்கே போகிறாய் என்று கத்தினார். கொடிக்கம்பத்துக்கு ஓடலாம் என்றுதான் முதலில் கால் போனது. நாலு எட்டு வைத்ததும் நின்றாள். அங்கே போய் நின்றால், அவர்கள் அவளை எதற்கு வைத்திருக்கிறார்களோ அதைத்தான் செய்ததாகும். போகாவிட்டால் அது கொடிவரைக்கும் குத்து வாங்கிக்கொண்டு போய், அங்கே ஆளைக் காணாமல் தேடும். அவள் திரும்பி வந்து கயிற்றைத் தாண்டி, ரோட்டோரத்தில், செவலையின் கண்ணுக்குப் படுகிற பக்கமாக நின்றாள்.

திரும்பி வரும்போதும் செவலைதான் முன்னால். அவளைக் கண்டதும் அதன் காது நிமிர்ந்தது. ஓட்டம் குறைந்து, ரோட்டை விட்டு விலகி, வண்டி சாய வந்து அவள் தோளில் வாயை வைத்து நின்றது. பின்னால் வந்த வண்டிகள் புழுதியை இறைத்துக்கொண்டு கடந்து போயின. சுடலைமணி கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு குத்தினான். இன்னொரு தடவையும் குத்தினான்.

அவள் தோளில் வாயை வைத்த பிறகு குத்து விழுந்தது அன்றுதான் முதல் தடவை. செவலை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

அவள் கம்பைப் பிடுங்கிக் கருவேல முள்ளுக்குள் எறிந்தாள். வண்டியோடு பூட்டிய வாரை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. அதற்குள் பின்னாலேயே வந்த செண்பகராஜ் டிவிஎஸ்ஸைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி நின்றார்கள்.

"என்னக்கா செஞ்சிட்ட?"

"ஏலே, சாமி முன்னால சத்தியம் பண்ணினியே."

"சாட்டையைத் தொடமாட்டோம்னு பண்ணினேன். தொட்டோமா? நீயே கேளு இவன்கிட்ட."

அவள் கேட்கவில்லை. முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். செண்பகராஜ் குரலைத் தணித்தான்.

"தினம் நீதானக்கா அதைத் தேச்சுவிடுத. அந்தக் காயம் எதுனால வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் பேசாம இருக்கன்னு நினைச்சேன்."

அது அந்த நேரத்துக்குச் சொன்ன பொய்யா, இல்லை உண்மையாகவே அவன் அப்படித்தான் நினைத்திருந்தானா என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எத்தனையோ நாள் யோசித்தாள். பொய் என்றால் தம்பி அவளுக்கு இல்லாமல் போனான். உண்மை என்றால், கூடப் பிறந்தவன் தன்னை இவ்வளவு காலமும் அப்படிப்பட்டவளாகத்தான் பார்த்திருக்கிறான்.

செவலையை வேறு பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். கிளம்பும் இடத்திலேயே அது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றது, குத்தியும் நகரவில்லை. வீட்டிலும் "ஏட்டி" என்றால் வந்தது, ஆனால் பாதி வழியில் நின்று அவள் கையைப் பார்த்துவிட்டு வந்தது. ஆனி மாதம் அவள் காட்டில் இருந்தபோது லாரி வந்து செவலையை ஏற்றிப் போய்விட்டது. எந்த ஊருக்கு என்று உமாதேவியிடம் கேட்டாள். தெரியாது என்று உமாதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சத்தியபாமா ஆடுகளை விற்றுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். விடியும் முன் ஆள் ஏற்ற வேன் வரும். பின்கட்டில் தனியாக உலை வைத்துக்கொண்டாள். தம்பியிடம் பேச்சு நின்றது. வேனில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் பந்தயத்தை நிப்பாட்டினது இவிகதானா என்று மெதுவாகக் கேட்பார்கள். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த வருடம் செண்பகராஜ் வேறொரு குதிரை வாங்கினான். கறுப்பு, இளசு, எதைக் கண்டாலும் மிரண்டது. யாரையும் கிட்டே விடவில்லை. உமாதேவி ஒரு நாள் பின்கட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"மதினி, ஒரு மாசம் மட்டும் கூட இருந்து பழக்கிக் குடுக்கச் சொல்லுதாவ. பட்டினி கிடக்கு. உங்க தம்பிக்காக இல்ல, அந்த வாயில்லாச் சீவனுக்காகன்னு கேக்கச் சொன்னாவ."

"என்கிட்டப் பழகுனா அதையும் ஓட வச்சிருவான்," என்றாள் சத்தியபாமா. "மிரண்டுக்கிட்டே இருக்கட்டும்."

வேன் நிற்கும் இடத்துக்குக் கொட்டடியைத் தாண்டித்தான் போகவேண்டும். காலையில் அவள் காலடி கேட்டால் கறுப்புக் குதிரை உள்ளே கால் மாற்றி நிற்கும். தடுப்புக்கு மேலே மூக்கை நீட்டிக் காற்றை முகரும். அவள் தெருவின் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி, சோற்றுத் தூக்குவாளியை மார்போடு சேர்த்துப் பிடித்து, அது தன் முகத்தைப் பார்ப்பதற்குள் விறுவிறுவென்று கடந்து போய்விடுவாள்.