வைத்தியலிங்கத்தின் மேல்மாடி

மன்னார்குடிக் கடைத்தெருவில் வைத்தியலிங்கத்தின் ஜவுளிக்கடையைப் போல அழகான கட்டடம் கிடையாது, தெருவில் நின்று மட்டும் பார்த்தால். கீழே வழவழப்பான சுண்ணாம்புத் தூண்கள், மேலே வரிசையாக மூடிய வளைவுச் சன்னல்கள், உச்சியில் சுதையில் செய்த கஜலட்சுமி, அவளுக்கு இருபுறமும் பச்சைக் கிளிகள். சன்னல்களுக்குப் பின்னால் ஆகாயம்.

பக்கத்து மளிகைக்காரர் மாடி எடுத்துவிடுவாரோ என்று பயந்த வைத்தியலிங்கத்தின் தகப்பனார், முந்திக்கொண்டு முகப்பை மட்டும் எழுப்பினார். மாடி பிறகு வரும் என்றார். எமன் முதலில் வந்தான். பக்கச் சுவர்களைக் கொஞ்ச தூரம் திருப்பிவிட்டிருந்ததால் பின்னால் கடையும் வீடும் சேர்ந்த ஓட்டுக்கூரை தெருவுக்குத் தெரியாது. கொல்லைப்புறம் வாய்க்கால். அங்கே வருபவை எருமைகள்; அவை வெளியில் சொல்வதில்லை.

நிலத்தை உச்சவரம்புச் சட்டம் எடுத்துக்கொண்ட பிறகு, மகள் மங்களாம்பிகைக்குச் சீதனமாகக் கொடுக்க வைத்தியலிங்கத்திடம் மிஞ்சியது அந்த மாடிதான். அதைத் தருவதாக ஒப்புக்கொண்டும் விட்டார். சீர்காழிச் சம்பந்தி குஞ்சிதபாதம் தாம்பூலம் மாற்ற வந்து உட்கார்ந்த அன்றைக்கென்று பார்த்து, ஊர்வலமும் வந்தது.

ஊரில் அரிசி கிடைக்காத வருஷம் அது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துப் பொன்னுத்தாய் கடை முன்னால் நின்று மேலே கையைக் காட்டினாள்.

“அந்தச் சன்னலு என்னிக்காச்சும் தெறந்து பாத்திருக்கமா? எப்படித் தெறக்கும்? உள்ள மூட்டை முட்டிக்கிட்டு நிக்குது.”

“கிளி ரெண்டும் பருத்திருக்கிறதப் பாத்தாலே தெரியலையா?” என்றது பின்னால் ஒரு குரல்.

கூட வந்த வருவாய் ஆய்வாளர் உள்ளே நுழைந்தார். “பதுக்கல் நெல்லு இருக்குங்கிறாங்க. இல்லேன்னா மாடியத் தெறந்து காட்டுங்க. கூட்டத்த அனுப்பிடறேன்.”

“காட்டிடுங்களேன் சம்பந்தி,” என்றார் குஞ்சிதபாதம், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. “நானும் பாத்த மாதிரி இருக்கும்.”

வைத்தியலிங்கம் யோசித்தார். பதுக்கல்காரன் வீட்டில் பெண் எடுப்பார்கள். மாடியில்லாதவன் வீட்டில் எடுப்பார்களா?

“காட்டுறதுக்கு என்ன இருக்கு? மாடி நெறைய நெல்லுதான்,” என்றார்.

உள்ளே அவர் மனைவி சாவித்திரியின் கையிலிருந்து டம்ளர் விழுந்தது.

இப்படி உடனே ஒப்புக்கொள்ளும் மிராசுதாரை ஆய்வாளர் தம் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. கொஞ்சம் பயந்துவிட்டார். “படிக்கட்டு?”

அடுப்படிக்குப் பக்கத்தில் விளக்குமாறு வைக்கும் அறையின் பூட்டிய கதவை வைத்தியலிங்கம் காட்டினார்.

“சாவி?”

“தம்பிகிட்ட இருக்கு. பினாங்குல.”

வெளியே பசித்த கூட்டம். கதவை உடைத்தால் மூட்டைக்கு யார் பொறுப்பு? சாப்பாட்டு நேரம் வேறு. ஆய்வாளர் அரக்கை உருக்கிக் கதவுக்கு முத்திரை வைத்தார். அந்த நிமிஷம்வரை சந்தேகத்திலிருந்த மாடி, அரசாங்க ஆவணத்தில் ஏறிவிட்டது.

“கேட்டதும் ஒத்துக்கிட்டாரே. இதுல என்னமோ இருக்கு,” என்று முணுமுணுத்தாள் பொன்னுத்தாய். ஆனாலும் வெற்றி வெற்றிதான். ஊர்வலம் கோஷத்தோடு நகர்ந்தது.

குஞ்சிதபாதம் சம்பந்தியிடம் நெருங்கி உட்கார்ந்தார். “நெல்லு மட்டும்தானா, இல்ல வேற எதுவும்...?” அவர் குரலில் அவ்வளவு மரியாதை அதற்குமுன் வந்ததில்லை. தாம்பூலம் மாறியது. கல்யாணமும் நடந்தது.

பதுக்கல் வழக்கு கோர்ட்டுக்குப் போனது. மற்றவர்கள் வழக்கை முடிக்க வக்கீல் வைப்பார்கள். வைத்தியலிங்கம் முடியாமலிருக்க வைத்தார். வாய்தாமேல் வாய்தா. சாவி பினாங்கிலிருந்து கப்பலில் வந்துகொண்டே இருந்தது. ஆட்சி மாறியது, வழக்கு மாறவில்லை. மாடிக்கு எப்போது குடிபோவது என்று மாப்பிள்ளை கேட்டால், “கோர்ட்டைக் கேளுங்க,” என்பாள் மங்களாம்பிகை.

ஒரு வாய்தாவன்று கோர்ட்டு வாசலில் பொன்னுத்தாய் அவரை மறித்தாள்.

“ஊரே கஞ்சிக்கு அலையுது. இப்படியே பூட்டி வெச்சா அந்த நெல்லு மக்கிப் போவாதா?”

வைத்தியலிங்கத்துக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேல்துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“மக்காது,” என்றார்.

அந்த வழக்கில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.