ஷலால் குடிக்காமல் வைத்த காபி

ஷலாலின் காபியைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் உண்மை பேச மாட்டார்கள். நானும் பேசப் போவதில்லை. ஒருமுறை அவன் தன் காபிக் கெண்டியைக் கழுவி அந்தத் தண்ணீரை ஆற்றில் கொட்டினானாம். அக்கரை வரைக்கும் மீன்கள் மூன்று நாள் தூங்காமல் அலைந்தனவாம். நான் பார்த்தவரை இரண்டு நாள்தான்.

ஆள் ஒல்லி. மீசை மட்டும் வேறு யாரோ பெரிய மனிதருக்காகச் செய்து, அவர் வாங்க வராததால் இவனுக்கு ஒட்டிவிட்டதுபோல இருக்கும். பதினேழு வயதில் இடது கையில் பிடித்த பித்தளைக் கெண்டியை அறுபத்திரண்டு வயதிலும் அவன் கைமாற்றவில்லை. ஆற்றின் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் கல்யாணமோ, துக்கமோ, கொலைப் பழி தீர்க்கும் சமரசமோ எதுவானாலும், ஷலால் வந்து ஊற்றின பிறகுதான் பேச்சே தொடங்கும். சர்க்கரை கிடையாது. ஏலக்காய் உண்டு. விழுங்கினால் நெற்றி வரைக்கும் கசக்கும்.

ஊற்றுவதற்கு முறை இருக்கிறது. முதல் கிண்ணத்தை ஊற்றுகிறவனே எல்லார் கண் முன்னாலும் குடித்துக் காட்ட வேண்டும், விஷமில்லை என்பதற்காக. அவன் குடிக்காமல் வேறு யாரும் குடிக்க மாட்டார்கள். இன்னொரு முறையும் உண்டு. ஒருவர் வேண்டுகோளோடு வந்திருந்தால், கொடுத்த காபியைத் தொடாமல் தரையில் வைத்துவிடுவார். “குடி, உன் காரியம் முடிஞ்சுது” என்று வாக்குக் கிடைக்கிற வரைக்கும் கிண்ணம் அங்கேயே இருக்கும். அது ஆறிப்போனால் அவமானம், கேட்டவருக்கு இல்லை, கேட்கப்பட்டவருக்கு.

சபீஹாவைப் பெண் கேட்கப் போனபோது ஷலாலும் அப்படித்தான் வைத்தான். அவளுடைய வாப்பா அவசரப்படாத மனிதர். மழையைப் பற்றிப் பேசினார், ஆட்டுக்கு வந்த நோயைப் பற்றிப் பேசினார். அதற்குள் கிண்ணத்தில் ஒரு ஈ விழுந்துவிட்டது. “அந்த ஈ மேல பரிதாபப்பட்டுத்தான் எங்க வாப்பா சம்மதிச்சாரு. உங்க மீசையைப் பாத்து இல்ல” என்று சபீஹா நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒரே மகள், வர்தா. ஆண்பிள்ளை பெற்றவர்கள் மகன் பெயரால் அழைக்கப்படுவதுபோல இவனை ‘அபூ வர்தா’, அதாவது வர்தாவின் வாப்பா என்றே ஊர் கூப்பிட்டது. கேலியாகத் தொடங்கியதுதான், அவன் அதைப் பட்டம்போல மாட்டிக்கொண்டதால் கேலி செய்தவர்களுக்கு அலுத்துவிட்டது. வர்தாவை மேற்குக் கரையில் ஓர் எலெக்ட்ரீஷியனுக்குக் கட்டிக்கொடுத்தான். பாலத்தைத் தாண்டினால் இருநூறு அடி எடுத்து வைப்பதற்குள் மகள் வீடு.

பிறகு அந்தக் கறுப்புக் கொடிக்காரர்கள் வந்தார்கள், ஊரை நாசமாக்கினார்கள், போனார்கள். அவர்களுக்கு வழிவிட்டது யார் என்று கிழக்கு மேற்கைக் கேட்டது. மேற்கு கிழக்கைக் கேட்டது. இரண்டு பக்கமும் துப்பாக்கியால் பதில் சொன்னார்கள். ராணுவம் பாலத்தின் நடுவில் சிமென்ட் கட்டைகளைப் போட்டு உட்கார்ந்துகொண்டது. மூன்று வருடம் ஒரு பூனைகூடத் தாண்டவில்லை என்பார்கள். பூனைகள் தாண்டின. மனிதர்கள்தான் இல்லை. ஷலாலுக்குப் பேத்தி பிறந்து இரண்டரை வயதாயிற்று, ஜுமானா என்று பெயர், இன்னும் தொட்டுப் பார்த்ததில்லை.

சபீஹா மாலையில் மாடி ஏறி, அக்கரை மாடியில் மகள் உலர்த்தும் துணிகளைப் படிப்பாள். நாங்கள் பக்கத்து வீடு என்பதால் செய்தி எங்களுக்கும் வரும்.

“இன்னிக்கு ஒரு மஞ்ச கவுன் புதுசு. போன மாசத்த விட நாலு விரல் நீளம். வளந்துட்டா.”

இந்த நிலையில்தான் பேச்சுவார்த்தை வந்தது. பாதுகாப்பு, சமரசம், இடம்பெயர்ந்தவர்கள் திரும்புதல் என்று பெரிய பெரிய தலைப்புகள். கிழக்குக்கு அதன் குலத்தலைவர் ஷேக் தாமிர், மேற்குக்கு ஷேக் நாயிஃப், ராணுவத்துக்கு ஒரு கர்னல், நடுநிலைக்கு நார்வேயிலிருந்து ஒரு தூதர் அம்மா. இடம், பாலத்தருகே எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தின் கூடம். முதல் நாள் இயந்திரத்தில் பிடித்த காபியைக் காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். நாற்பது பேரும் அதைப் பார்த்தபடி வாய் திறக்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். தூதர் அம்மாவுக்குக் காரணம் புரிய ஒரு வாரமாயிற்று. அதன் பிறகு ஷலாலுக்கு ஆள் வந்தது.

யாருக்கு முதலில் ஊற்றுவது என்பதற்கே ஒரு போர் மூண்டிருக்கும். அவன் நேராகத் தூதர் அம்மாவிடம் போனான். தூரத்து விருந்தாளிக்கு முதல் மரியாதை என்றால் யார் கோபித்துக்கொள்வது? போதும் என்றால் கிண்ணத்தை ஆட்டிக்கொடுக்க வேண்டுமென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஆட்டாமல் நீட்டினாள், அவன் நிரப்பினான், நீட்டினாள், நிரப்பினான். பதினான்கு கிண்ணம். அன்று எழுத உட்கார்ந்தவள் நாற்பது பக்க அறிக்கையை ஒரே மூச்சில் முடித்தாளாம்.

பதினொரு அமர்வுகள் நடந்தன. அமர்வுக்கு அமர்வு மேற்குக்காரர்கள் காவலோடு பாலம் தாண்டி வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். சபீஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நாயிஃபோட தொப்பை பதினோரு தடவை பாலம் தாண்டிடுச்சு. என் பேத்தியோட கால் தாண்டக் கூடாதாமா?”

“நான் ஊத்துறவன்டி. ஊத்துறவனுக்கு அங்க வாய் கிடையாது.”

“வாய் இல்லேன்னா மீசை எதுக்கு? எடுத்துடுங்க.”

பன்னிரண்டாவது அமர்வில் பாலம்தான் பொருள். சமையலறையில் சபீஹாவும் நானும் உட்பட ஆறேழு பெண்கள் ஆட்டுக்கறியும் சோறும் ஆக்கிக்கொண்டிருந்தோம்; கதவில் ஒரு விரிசல், அதில் எங்கள் கண்கள் முறைபோட்டுக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் பேசிவிட்டு, “பாலம் குறித்து ஒரு துணைக்குழு அமைத்து அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கலாம்” என்று முடிவானது. எல்லாருக்கும் நிம்மதி. காபி வரட்டும் என்று சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

ஷலால் வந்தான். முதல் கிண்ணத்தைத் தனக்கு ஊற்றினான். நாற்பது பேரும் அவன் குடிக்கக் காத்திருந்தார்கள். அவன் குனிந்து, அதைக் கம்பளத்தின் நடுவில் வைத்துவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டான்.

விரிசலில் இருந்தது அப்போது என் கண். வழக்கம் தெரிந்தவர்கள் எல்லாரும் கிண்ணத்தையே பார்த்தார்கள். தூதர் அம்மாவின் பாதுகாவலன் மட்டும் காபியில் ஏதோ கலந்திருக்கிறது என்று நினைத்து அவளுடைய தோளைப் பிடித்தான்.

“விஷமில்ல, அம்மா” என்றார் மொழிபெயர்ப்பாளர். “அவருக்கு ஏதோ வேணுமாம்.”

“இது நிகழ்ச்சி நிரல்ல இருக்கா?”

“இல்ல. ஆனா இனி இதத் தவிர வேற எதுவும் நடக்காது.”

ஷேக் நாயிஃப் தொண்டையைச் செருமினார். “எழுந்திரு, அபூ வர்தா. ஊத்துறவன் கேக்குற வழக்கம் கிடையாது.”

“கேக்கக் கூடாதுன்னும் வழக்கம் கிடையாது, ஷேக். நேத்தெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன்.”

ஷேக் தாமிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் கரை ஆள் முன்னால் சிறுமைப்பட அவர் விரும்பவில்லை. “குடிப்பா. உன் காரியம் முடிஞ்சுது. என்னன்னு கூட நான் கேக்கல.”

ஷலால் கிண்ணத்தைத் தொடவில்லை. “கிழக்கு முடிஞ்சுது. உங்களுக்கு நூறு வயசு. ஆனா நான் கேக்கப்போற சாமானுக்கு மேற்கிலயும் ஒரு முனை இருக்கு.”

தாமிர் கொடுத்ததை நாயிஃப் மறுக்க முடியுமா? “நானும் கேக்காமலே குடுத்தேன். குடிச்சுத் தொலை.”

“நடுவுலயும் கொஞ்சம் இருக்கு, ஷேக்.”

எண்பது கண்களும் கர்னல் பக்கம் திரும்பின. அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். “முதல்ல விஷயத்தைச் சொல்லுங்க.”

“ஒரே ஒரு மத்தியானம் பாலத்தைத் திறக்கணும், ஐயா. வியாழக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகையிலிருந்து இருட்டுற வரைக்கும். என் பேத்திக்கு நான் கைபேசி அளவு மனுசன். தாத்தான்னா கண்ணாடிக்குள்ள இருக்கிற மீசைன்னு நெனச்சிட்டிருக்கா.”

“ஒரு மத்தியானமா?” ஷேக் தாமிர் புண்பட்டுப்போனார். “என்னைக் கஞ்சன்னு நெனச்சியா? கிழக்கு ஒரு முழு நாள் குடுக்குது.”

“கிழக்கே ஒரு நாளுன்னா மேற்கு என்ன, பஞ்சத்துலயா கிடக்கு?” என்றார் நாயிஃப். “மூணு வியாழக்கிழமை.”

“எல்லா வியாழக்கிழமையும்.”

“எங்க கரையிலிருந்து வர்ற ஒவ்வொருத்தர் உசுருக்கும் நீ ஜவாப்தாரி ஆவியா, தாமிர்?”

“ஆவேன். இங்கேயிருந்து அங்க போறவங்களுக்கு நீ?”

“என் வீட்டு ஆளுக மாதிரி. ஒரு கல்லு விழுந்தாலும் என் தலையில விழுந்ததா கணக்கு.”

பதினொரு அமர்வுகளில் ஒரு வரியாகக்கூட எழுத முடியாத உத்தரவாதம் இது. தூதர் அம்மாவின் பேனா பாய்ந்துகொண்டிருந்தது. கர்னல் மட்டும் வியர்த்தார். “எனக்கு மேலிடத்து உத்தரவு வேணும்” என்று எழுந்து, பேச்சு வெளியே கேட்கக் கூடாதென்று சமையலறைப் பக்கமாகவே வந்து நின்று தொலைபேசியில் பேசினார். நாங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டோம்.

“ஐயா, கூடத்துல ஒரு நெருக்கடி... இல்லீங்க, ஆயுதமெல்லாம் இல்ல. காபி... ஆமாங்க, தரையில வச்சிருக்கான்... ரெண்டு ஷேக்கும் வாக்குக் குடுத்துட்டாங்க, நாமதான் பாக்கி.”

 அந்தப் பக்கத்திலிருந்து ஜெனரலின் குரல் எங்கள் வரைக்கும் கேட்டது.

“எவ்வளவு நேரமா ஆறுது?”

“இருபது நிமிஷம்.”

“அட மடையா, ராணுவத்தோட மானத்த வாங்குறியே. போய்க் குடிக்கச் சொல்லு.”

ஷலால் குடித்தான். சில்லிட்டுப் போயிருந்தது, முகத்தில் ஒரு சுளிப்புக்கூடத் தெரியவில்லை. சபீஹா அடுப்புக்குத் திரும்பி, வெந்த சோற்றையே மறுபடி மறுபடி கிளறிக்கொண்டிருந்தாள். 

கூட்டறிக்கையில் ‘நம்பிக்கையை வளர்க்கும் முதற்கட்ட நடவடிக்கை’ என்று அச்சாகியிருந்தது. காபி என்ற சொல்லே இல்லை.

வியாழக்கிழமைக்கு ராணுவம் நாற்பது பேரை எதிர்பார்த்து ஒரு மேசையும் ஒரு பதிவேடும் போட்டிருந்தது. வந்தது தொள்ளாயிரம் பேர். நான் குறைத்துத்தான் சொல்கிறேன். பல் பிடுங்கப் போனவர்கள், மாமியாரைத் திருப்பிக்கொண்டுவிட வந்தவர்கள், மூன்று வருடத்துக்கு முன்னால் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்த ஒருவர். அவருக்கு இப்போது அது பற்றவில்லை. தையற்காரரோடு பாலத்திலேயே சண்டை. இரண்டு கரைக்காரர்களும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வர்தா இடுப்பில் குழந்தையோடு வந்தாள். “வாப்பா” என்று குழந்தையை முன்னால் நீட்டினாள். ஷலால் இரண்டு கைகளையும் நீட்டினான். ஜுமானா அந்த மீசையை முழு அளவில் ஒருமுறை பார்த்தாள்; பார்த்துவிட்டு அக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதாள். நாற்பது பேரை வாயடைக்க வைத்தவனுக்கு ஒரு குழந்தையின் வாயை அடைக்கத் தெரியவில்லை.

“குடுங்க இப்படி” என்று சபீஹா வாங்கிக்கொண்டாள். “பயப்படாதடி. எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு.”

கொஞ்ச நேரத்தில் குழந்தை சமாதானமாகி, காலிலிருந்த சிவப்புச் செருப்பைக் கழற்றித் தாத்தாவிடம் நீட்டினாள். அவன் வாங்கப் போகும் நேரம் பார்த்துப் பாலத்தின் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே விட்டுவிட்டாள். அது ஆற்றோடு போனது. தனக்குத்தான் கொடுத்தாள் என்று ஷலால் சாதித்தான். அவள் சிரித்ததைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்.

இருட்டத் தொடங்கியதும் சிப்பாய் விசில் ஊதினான். வர்தா தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அடுத்த வியாழன் வர்றப்போ இவ கால் அளவை நூல்ல எடுத்துட்டு வா. இங்க கடையில செருப்பு வாங்கலாம்” என்றாள் சபீஹா.

“நூல் எதுக்கும்மா? இவளையே கூட்டிட்டு வந்து போட்டுப் பாத்து வாங்கலாமே.”

‘இவளையே கூட்டிட்டு வந்து’ என்று சபீஹா இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஷலாலுக்கு அது காதில் விழவில்லை. அவன் கம்பிமேல் பாதி உடம்பைச் சாய்த்து, ஆற்றில் அந்தச் செருப்பு இன்னும் தெரிகிறதா என்று சிப்பாயிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.