சாக்ஸ் சாரின் மனைவி

ஊசிக்காரம்மாவுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. பிரசவ மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒருத்திக்கு இது ஒரு குறை என்று யாருக்காவது தோன்றினால், அவர்கள் ஒரே ஒரு காலை நேரம் அந்த வார்டில் வந்து நின்றால் போதும்.

அவள் வேலை சின்னது. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் ஒரு குத்து. கசியும் ரத்தத்தைத் தடித்த காகித அட்டையில் இருக்கும் வட்டங்களில் தொட்டு எடுக்க வேண்டும். அட்டை காய்ந்ததும் பரிசோதனைக்குப் போய்விடும். இந்தச் சின்ன வேலையைச் சுற்றித்தான் எத்தனை கூத்து! தகப்பன்மார் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்க வருவார்கள். முதல் சொட்டைப் பார்த்ததும் சுவரைத் தேடுவார்கள். அத்தைகள் குழந்தையின் மூக்கு யாருடையது என்று சண்டை போடுவார்கள். கொட்டைப் பாக்கு அளவில் இருக்கும் ஒரு மூக்குக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடும். இதையெல்லாம் ஊசிக்காரம்மா காதில் வாங்குவதில்லை. அவளுக்குக் கால்தான் கணக்கு.

கால் சில்லென்று இருந்தால் ரத்தம் வராது. அப்புறம் அழுத்த வேண்டும், பிழிய வேண்டும், மறுபடி குத்த வேண்டும். குழந்தை நீலம் பாரிக்க அலறும். கால் வெதுவெதுப்பாக இருந்தால் ஒரே குத்தில் சொட்டு தானாக உருண்டு வரும். வார்டிலோ பெரிய டாக்டருக்கு வியர்க்கக் கூடாது என்பதற்காக ஏசி எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். ஏசியைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தாள். கால்களுக்கு ஏதாவது வாங்கித் தரச் சொல்லிப் பார்த்தாள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பயிற்சிக் காலத்தில் விடுதித் தோழியிடம் கற்ற பின்னலை நினைவுபடுத்திக்கொண்டு, இரண்டு ஊசியும் மென்மையான நூல்கண்டும் வாங்கிவந்து உட்கார்ந்தாள்.

அவள் பின்னிய காலுறையில் அழகு என்று ஒன்றும் இல்லை. ஒரு சின்னச் சதுரத் துண்டு. அதை மடித்துப் பக்கவாட்டில் தைத்து, நுனியில் நூலை ஓட்டிச் சுருக்கி முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. குதிகால் வளைவு கிடையாது. எந்தக் காலுக்கும் பொருந்தும். மேல்பக்கம் மட்டும் வரிவரியாகப் பின்னியிருப்பாள், எலாஸ்டிக் இல்லாமலே காலைக் கவ்விக்கொள்ளும். தையல் வெளிப்பக்கம் தெரியும், உள்ளே உறுத்தக் கூடாதே என்று. சொந்தக்காரர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அவர்கள் கொண்டுவருவது ரிப்பன் வைத்த காலுறை, பூனை முகம் ஒட்டிய காலுறை.

"மூணு நாள் குழந்தைக்குப் பூனைன்னா யாருன்னு தெரியுமா?" என்று கேட்டு அதைக் கழற்றித் தாய் கையில் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை மாட்டுவாள். அது யார் கைவேலை என்று வார்டில் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அவள் கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டை ஒரு கிளை அலுவலகமாக மாற்றிக்கொண்டார். குழாயில் நீர் சொட்டினால் அதைக் கண்டுபிடிப்பார், சரிசெய்ய மாட்டார். பால் பொங்கினால் ஏன் பொங்கியது என்று விசாரிப்பார். அவள் வேலை முடிந்து வந்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தால் பேப்பரைத் தாழ்த்திப் பார்ப்பார்.

"எப்பப் பாத்தாலும் ரெண்டு குச்சிய வெச்சு நோண்டிக்கிட்டு… கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"உங்க கண்ணா? பேப்பர்ல வெச்சுக்கோங்க."

இப்படியே போயிருந்தால் இந்தக் கதைக்கே அவசியமில்லை. ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். பின்னி முடித்த காலுறைகள் ஒரு பை நிறைய இருந்தன. வார்டில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அவரை அனுப்பினாள். அன்றைக்குப் பார்த்து நகரத்து மகளிர் சங்கம் நோயாளிகளுக்குப் பழம் கொடுக்க வந்திருந்தது. கூடவே ஒரு நிருபர். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் குட்டிக் குட்டிக் காலுறைகள். நிருபருக்கு வேறென்ன வேண்டும்? "நீங்களே பின்னினதா சார்?" என்று கேட்டான். துணை மேலாளர் புன்னகை செய்தார். அவ்வளவுதான். "ஓய்வுக்குப் பின் ஒரு தாய் மனம்" என்று படத்தோடு வந்துவிட்டது.

காலையில் அதை அவரே அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். கடைசி வரியில் குரல் தழுதழுத்தது.

"நீங்க பின்னினீங்கன்னு சொன்னீங்களா?" என்றாள் போர்வைக்குள்ளிருந்து.

"நான் ஒரு வார்த்த சொல்லலம்மா. அவனா எழுதிட்டான்."

"சொல்லாம நின்னதத்தான் கேக்கறேன்."

"இதுல என்ன இருக்கு? நீ வேற நான் வேறயா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாத்திரம் கழுவும்போது அவர் எப்போதும் வேறாகத்தான் இருந்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தெருவில் 'சாக்ஸ் சார்' என்று பேர் வந்தது. பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள், முதியோர் சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். "ஒவ்வொரு கண்ணியிலும் நான் ஒரு பிரார்த்தனையைப் பின்னுகிறேன்" என்று ஒரு வசனம் தயார் செய்துகொண்டு, அதைக் குளியலறையில் சொல்லிப் பார்ப்பார். பின்னலில் ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி; அந்த வார்த்தையே அவள் கணக்கு எண்ணும்போது காதில் விழுந்து பொறுக்கிக்கொண்டதுதான். அது ஊசியில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னால் முழித்திருப்பார்.

அவளுக்கு இதில் கோபம் வந்ததைவிடக் குமட்டல்தான் அதிகம் வந்தது. ஆனாலும் பின்னுவதை நிறுத்தவில்லை. அவர் வேஷம் அவரோடு. கால் சில்லிட்டால் அலறப்போவது அவரில்லையே. ஆனால் அவர் அதோடு விட்டாரா? அதிகாரம் பண்ணவும் ஆரம்பித்தார்.

"கொஞ்சம் சுருக்கா போடேன். வியாழக்கிழம ஒரு பங்ஷன் இருக்கு."

"ம்."

"மஞ்சள்ல போடு. சாம்பல் கலர் போட்டோல எடுக்கல."

அவள் சாம்பலிலேயே போட்டாள்.

மகளிர் சங்கம் தன் ஆண்டு விழாவில் அவருக்கு விருது கொடுப்பதாக அறிவித்தது. சங்கத் தலைவி நேரில் வந்து சொன்னாள். அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே பாதி வாசனைத் திரவியத்தை விட்டுவிட்டுப் போகிற ரகம். ஊசிக்காரம்மா கொண்டுவைத்த தேநீரை, கொடுத்தது யார் என்று நிமிர்ந்து பார்க்காமலே குடித்தாள். போகிற போக்கில், "மேடையிலயே கொஞ்சம் பின்னிக் காட்டணும் சார். எல்லாருக்கும் ஒரு உந்துதலா இருக்கும்" என்றாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், துணை மேலாளர் முகம் வெளுத்து நாற்காலியில் சரிந்தார்.

"ஏம்மா… ஒரே ஒரு கண்ணி எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடேன்."

அவள் சொல்லிக்கொடுத்தாள், வேண்டுமென்றே ஒன்றே ஒன்றை மட்டும். ஊசியை நுழை, நூலைச் சுற்று, இழு, விடு. திரும்பி வருவது எப்படி, முடிப்பது எப்படி என்பதெல்லாம் அவர் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. பாதி பின்னிய காலுறை ஒன்றை ஊசியோடு பையில் போட்டுக் கொடுத்தாள். விழாவன்று விடுப்பு எடுத்தாள். அவர் பேச்சைக் கேட்க அவள் போனதே கிடையாது, அன்றைக்குப் போனாள். அவர் மாட்டிக்கொள்வதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதை அவள் தனக்குத் தானே மறைத்துக்கொள்ளவும் இல்லை.

மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் முழங்கைகளைக் கோழி இறக்கைபோல விரித்துக்கொண்டு ஊசியைப் பிடித்தார். முதல் கண்ணி விழுந்தது. இரண்டாவதில் நூல் மூக்குக் கண்ணாடியில் சிக்கியது. மூன்றாவது வந்தபோது பின்னால் இருந்தவை வரிசையாகக் கழன்று தொங்கின. ஒரு காலுறை கண்ணெதிரே பிரிந்துகொண்டிருந்தது. பின்னத் தெரிந்த இன்னொருத்தி அந்த அரங்கில் இருந்திருந்தால் எழுந்து கத்தியிருப்பாள். அரங்கம் கைதட்டியது. எழுந்து நின்று தட்டியது. சங்கத் தலைவி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். ஊசிக்காரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது: அவர் மாட்டிக்கொள்ளப் போவதே இல்லை. இவர்களை ஏமாற்ற அவர் அந்த ஒரு கண்ணியைக்கூடக் கற்றிருக்க வேண்டியதில்லை; இரண்டு ஊசியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாலும் எழுந்து நின்றிருப்பார்கள்.

பக்கத்து இருக்கைப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன பொறும பாருங்க. உங்க வீட்டுக்காரர்லாம் இப்படி இருப்பாரா?" என்றாள்.

"எங்க வீட்டுக்காரரா? அச்சு அசல் இப்படியேதான்."

கண்ணாடிக் கேடயம் வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஏறியது. அன்றோடு அவள் ஊசியைக் கீழே வைத்தாள். கை வலிக்கிறது என்றாள். அவர் ஒருநாள் பொறுத்தார், இரண்டுநாள் பொறுத்தார். அடுத்த விழா நெருங்கியதும் எங்கோ மொத்தக் கடையில் இயந்திரத்தில் தயாரான காலுறைகளை மூட்டையாக வாங்கிவந்து, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கத்தரிக்கோலால் லேபிள்களை வெட்டினார். அவர் அந்த வீட்டில் அத்தனை சிரத்தையாக ஒரு வேலை செய்து அவள் பார்த்ததில்லை.

அந்தக் காலுறைகள் வார்டுக்கு வந்த வாரமே வினை. எலாஸ்டிக் இறுக்கிப் பிடித்ததில், கழற்றிப் பார்த்தால் குழந்தைகளின் கணுக்காலில் செக்கச்செவேலென்று வளையம். தலைமை நர்ஸ் அத்தனையையும் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அவளிடம் வந்தாள்.

"அக்கா, சார்கிட்ட சொல்லுங்க. கை பழைய மாதிரி இல்ல."

ஊசிக்காரம்மா குழந்தையின் காலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: "அவர் ஒரு நாளும் பின்னினதில்ல. இத்தன நாளும் நான்தான் பின்னினேன்."

அவள் எதிர்பார்த்தது ஒரு திகைப்பை. நர்ஸ் சாதாரணமாக, "அதான் தெரியுமே" என்றாள்.

"தெரியுமா?"

"முத நாள்லேர்ந்தே தெரியும். உங்க கோட்டெல்லாம் எப்பவும் நூல் பிசிறு. வார்டுக்கே தெரியும்க்கா. புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கெதுக்குன்னு…"

ஊசிக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இவர்கள் எல்லாரும் அந்தப் பத்திரிகைப் படத்தை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டியவர்கள். சார் வந்தால் நாற்காலி இழுத்துப் போட்டவர்கள். முட்டாள்கள் கைதட்டினால் போகிறது என்று விடலாம். தெரிந்தே தட்டியவர்களை என்ன செய்வது? அந்த வரிசையில் முதல் ஆளாகத் தானே நின்றிருக்கிறோம், நூலும் வாங்கிக் கொடுத்து, என்ற நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன் மேலேயே காறி உமிழலாம்போல இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"வார்டுல எல்லாருக்கும் தெரியுமாம். இனிமே சாக்ஸ் நான்தான் பின்னுவேன், நான்தான் குடுப்பேன். உங்க பேரு அதுல வராது."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். நெடுநேரம் யோசிக்கிறவர்போல மோவாயைத் தடவினார். பிறகு, நிஜமாகவே புரியாத குரலில் கேட்டார்:

"சரி, நீ குடுத்தா குடு. ஆனா உனக்கு மேடையேறிப் பேச வருமா?"

அவள் சிரித்துவிட்டாள். வெகுநாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த மனிதரோடு சண்டை போட்டு ஜெயிப்பது ஈரத் துணியை நிற்க வைப்பது மாதிரி என்று தெரிந்த பிறகு கோபத்துக்கு அங்கே வேலை இல்லை. மறுநாளே புது நூல் வாங்கிவந்து மருத்துவமனை மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு இடைவேளையில் அங்கேயே பின்னினாள். அறிவிப்புப் பலகையில் இருந்த படத்தை அவள் கிழிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது அதன்மேல் யாரோ தடுப்பூசி அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள்.

துணை மேலாளர் கொஞ்சநாள் வாடித் திரிந்தார். கூப்பிடுகிறவர்களிடம் மூட்டு வலி என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியை ஒழுங்குபண்ணும்போது, அவர் பழைய கோட்டுகளுக்குப் பின்னால் ஒரு பை அவள் கையில் தட்டுப்பட்டது. உள்ளே இரண்டு ஊசி, ஒரு மஞ்சள் நூல்கண்டு, அதோடு செத்த எலி மாதிரி ஏதோ ஒன்று. பிரித்துப் பார்த்தாள். பின்னல்தான். முடிக்கத் தெரியாததால் வால் நீண்டு நீண்டு போயிருந்தது. ஒருபக்கம் குறுகி மறுபக்கம் பரந்து, ஒரு குழந்தை மொத்தமாக அதில் நுழைந்து மறுபக்கம் வந்துவிடலாம். நடுவில் மட்டும் ஒரே ஒரு வரிசை, எப்படியோ, சீராக வந்திருந்தது. அவள் அந்த வரிசையைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவினாள். யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். அவள் நெஞ்சில் என்னவோ இளகப் பார்த்தது. அப்போது கூடத்திலிருந்து அவர் தொலைபேசியில் பேசுவது கேட்டது: "இல்ல இல்ல, விடல. இப்பப் புதுசா ஒரு டிசைன் போட்டுக்கிட்டிருக்கேன். பெரிய அளவுல."

இளகியது கெட்டிப்பட்டுவிட்டது. நுனியைக் கண்டுபிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சரசரவென்று முழுவதும் பிரிந்து மடியில் விழுந்தது. நூல் நல்ல நூல். அலசிக் காயவைத்தால் நெளிவு போய்விடும். அதில் இரண்டு ஜோடி பின்னினாள்.

சில நாள் கழித்து அலமாரிக்குள் தலையைவிட்டுத் தேடியவர், மெதுவாக அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"கோட்டுக்குப் பின்னால ஒரு மஞ்சள்…"

"அதுவா? ஒரு பொண்ணு கால்ல இருக்கு. நேத்துப் பொறந்தது. ஒரே குத்துல ரத்தம் வந்துடுச்சு."

அவர் முகம் விரிந்த விரிவைப் பார்க்க வேண்டுமே! கண்ணில் நீர்கூடத் துளிர்த்தது. "பாத்தியா! எனக்கும் வருதுல்ல?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, அடுப்பைத் தணித்து, "தட்டை எடுத்து வைங்க" என்றாள். அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.