மூன்றாவது கரண்டி வேர்க்கடலை

ஒத்துக்கொள்ளாத சாப்பாட்டைத் தெரிந்தே ஊட்டிவிட்டு, ஊசியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அலர்ஜி பரிசோதனை நர்ஸ் நான். நோயாளியைவிட, கூட வருகிறவர்களைச் சமாளிப்பது என்ன பாடு என்று, என்னைப் போல் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன்ஜாக்கிரதை

ஏழுமலை வேர்க்கடலை பயிரிடுகிறவர். அவருடைய ஏழு வயது மகள் ஹரிணிக்கு ஒரு கடலை வாயில் பட்டாலே மூச்சு திணறும். வீட்டில் மூட்டை மூட்டையாகக் கடலை கிடப்பதால், அவளை ராஜகுளத்தில் அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைத்திருந்தார்கள். வயது ஏறச் சிலருக்கு இந்த அலர்ஜி போய்விடும். போயிருந்தால் அவள் வீடு திரும்பலாம்; அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தார்கள்.

அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தும்படி போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மாத்திரை உடம்பில் இருந்தால் பரிசோதனை வீண். எல்லாம் எடுத்து வைத்த பிறகு கேட்டால், அவள் அம்மா செல்வி நிம்மதியாகச் சொன்னார்: "காலைல கூட ஒண்ணு குட்துட்டுதான் இட்டுக்கினு வந்தேன் சிஸ்டர். இன்னா இருந்தாலும் கொயந்த இல்ல?"

இடுப்பா, தொடையா?

அன்றைக்குத் திருப்பி அனுப்பினோம்; மாத்திரையை நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். கஞ்சியில் வேர்க்கடலைப் பொடியைத் துளியூண்டு கலந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று, ஒவ்வொரு முறையும் பொடியைக் கூட்டிக்கொண்டே போனோம். இரண்டு கரண்டிவரை சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதற்குப் பிறகு இருமினாள். உதடு தடித்தது, குரல் கம்மியது. டாக்டர் தலையசைக்க, பாவாடை மேலேயே தொடையில் அட்ரினலின் ஊசியைப் போட்டேன். எத்தனை முறை போட்டாலும் அந்த நிமிடம் எனக்குப் பயம்தான்.

தொடையில் போட்டால்தான் இந்த மருந்து சட்டென்று ஏறும்; ஆனால் எங்கள் ஊரில் ஊசி என்றால் இடுப்பில்தான். துணி மேல் குத்திவிட்டேன், அதுவும் தொடையில் என்று ஏழுமலை சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கத்தி ஓய்வதற்குள் மகளுக்கு மூச்சு சீராகிவிட்டது. ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு சொன்னாள்: "நைனா, சும்மா இரு. எனக்கு இப்ப நல்லா கீது."

ரிசல்ட்

அலர்ஜி போகவில்லை. செல்வி அழுதார். சாயங்காலம்வரை ஹரிணியைக் கண்காணிப்பில் வைத்திருந்தோம். ஏழுமலை சும்மா உட்காரவில்லை. அந்த ஊசியைத் தனக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லி, சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றித் தலையணையைக் குத்திக் குத்திப் பழகினார். ஊசி போட்ட கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும் என்பதையும் ஒப்பித்துக் காட்டினார். டாக்டர் மருந்தும், அளவு குறித்த சிரிஞ்சும் கொடுத்தனுப்பினார்.

சில மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தபோது, ஹரிணி தன் வீட்டிலிருந்தே வந்திருந்தாள். எனக்குப் பகீரென்றது. வீட்டில் கடலை இருக்குமே என்றேன். ஏழுமலை சொன்னார்: "கடலய ஒயிச்சி, வூட்டயே கழுவி வுட்டாச்சி சிஸ்டர். இந்த போகம் உளுந்து போட்டுட்டேன். பொண்ணுக்குதான் இட்லி ஒத்துக்குதே."

மற்ற பரீட்சைகளில் தோற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போகப் பயப்படுவார்கள். எங்கள் பரீட்சையில் தோற்றவள், தோற்ற பிறகுதான் வீட்டுக்கே போனாள்.