கிளம்பச் சொன்ன குரல்

அவளுடைய குரல் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பஸ் நிலையத்தின் ஒரு மூலையில், டிக்கெட் கவுண்டருக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவே இருந்த கண்ணாடி அறைதான் அவளுடைய உத்தியோக இடம். கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு எப்போதோ யாரோ பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வெளியே நிற்பவர்களுக்கு அவளுடைய உச்சந்தலையும் அதற்கு மேலே சுற்றும் மின்விசிறியும் மட்டும் தெரியும். காற்றுச் சத்தம் விழாமலிருக்க மைக்குக்கு ஒரு பழைய குழந்தைச் சாக்ஸை மாட்டியிருந்தாள். அந்தச் சாக்ஸுக்குள்தான் ஊரின் போக்குவரத்து முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரையும் போலக் கத்திக்கொண்டுதான் இருந்தாள். கத்தினால் எதிரொலிதான் பெரிதாகிறது, சொல் உடைந்து போகிறது என்பது போகப் போகத் தெரிந்தது. அதன்பின் குரலைத் தணித்தாள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை, தூங்கிவிட்ட குழந்தையைக் கட்டிலில் கிடத்துவதுபோல மெல்ல இறக்கப் பழகினாள். அவள் அறிவித்தால், பஸ்ஸைத் தவறவிட்டவனுக்குக்கூட ஏதோ நல்லது நடந்ததுபோல ஓர் ஆறுதல் வரும். காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்து அரைக்கிலோ வெங்காயம் கேட்டால், பக்கத்தில் நிற்பவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள். கண்டக்டராக இருந்த அவள் கணவனுக்கு ஒரே ஒரு மனக்குறைதான். வீட்டில் அவளோடு ஒழுங்காக ஒரு சண்டைகூடப் போட முடியவில்லை. அவள் கோபித்துக்கொண்டாலும், எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்வதுபோலத்தான் அவனுக்குக் கேட்டது.

மாவட்டத்தின் பேரிடர்த் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவளைத் தேடி வந்தது மழைக்காலத்துக்குச் சற்று முன்பு. மாற்றலாகி வந்தவர், மெலிந்த ஆள், கக்கத்தில் தலையணை போலத் தடித்த ஒரு கோப்பு. மேலே அணையின் மதகுகளைத் திறந்தால் தண்ணீர் ஆற்றோரத்து ஊர்களை வந்தடைய அரைப்பகல்கூட ஆகாது. அதற்குள் தாழ்ந்த தெருக்களில் இருப்பவர்கள் எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். அதற்காகத் தெருவுக்குத் தெரு கம்பம் நட்டு ஒலிபெருக்கி கட்டியாகிவிட்டது. கம்பங்கள் தயார், பள்ளிக்கூடத்தில் பாய்கள் தயார், குரல் மட்டும்தான் இல்லை. இந்த ஊரில் வந்து இறங்கிய அன்று காதில் விழுந்த முதல் மனிதக் குரல் அவளுடையதுதான் என்றும், அதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்.

அவள் உடனே சரி என்றாள். அரசாங்கம் கேட்கிறதே என்று அல்ல. ஆற்றோரத் தெருவில் அவளுடைய அக்கா இருந்தாள்.

அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு கால் சொன்னபடி கேட்காது. அத்தான் காலமான பிறகு வீட்டின் முன்னறையிலேயே ஓர் இஸ்திரி மேஜையைப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். போன மழையில் தண்ணீர் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்தபோது தெருவே கிளம்பிவிட்டது. அக்கா கிளம்பவில்லை. ஒற்றைக் காலில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, அடுத்தவர்களுடைய சட்டைகளைப் பரண்மேல் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊரான் துணியை நனையவிட்டுப் போக முடியுமா என்று பிறகு கேட்டாள். அந்த முறை தண்ணீர் தானாகவே இறங்கிவிட்டது. தங்கைக்கு மட்டும் அது இன்னும் இறங்கவில்லை. சாப்பிடும்போதும், பஸ் நேரம் சொல்லும்போதும், ஒரு சட்டை தண்ணீருக்குள் கையை விரித்துக்கொண்டு மெதுவாகப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவு மாவட்ட அலுவலகத்தின் பின்பக்க அறை ஒன்றில் நடந்தது. விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற ஒருவர், சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆற்றில் நீர்வரத்து அதிகரித்துள்ளது, தாழ்வான பகுதிகளில் வசிப்போர் உடனடியாக மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படவும் என்று எழுதிக் கொடுத்ததை அவள் ஒரே மூச்சில், ஒரு பிசிறு இல்லாமல் சொல்லி முடித்தாள். ஸ்பீக்கர்காரர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இப்படிக் கூப்பிட்டால் வெள்ளமே மரியாதையாக ஒதுங்கிப் போய்விடும் என்றார்.

ஒத்திகை எந்த நாளில் என்பதை யாருக்கும் சொல்லவில்லை; இந்த மாதத்தில் ஒருநாள் என்று மட்டும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அது நடந்த மத்தியானம் அவள் தன் கண்ணாடி அறையில்தான் இருந்தாள். வெயிலில் ஊர் சொக்கிக் கிடந்தது. அப்போது தூரத்தில் யாரோ பேசுவது கேட்டது. முதலில் ஒரு கம்பம், பின்னாலேயே இன்னொன்று, அதற்கும் பின்னால் எங்கோ வயல்களைத் தாண்டி மற்றொன்று என்று ஒரே வாக்கியம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அது தன் குரல்தான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே தன் குரல் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருப்பது விநோதமாக இருந்தது. குரல் என்பது பேசுகிறவருடைய உடைமை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெளியே போனபின் அது யார் காதில் எந்தப் பழக்கத்தின்மேல் போய் உட்காருகிறது என்பதில் பேசியவருக்கு ஒரு பங்கும் இல்லை.

அது அடுத்த சில நிமிடங்களிலேயே தெரிந்தது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பை, கூடை, இடுப்பில் குழந்தை, ஒருவர் கையில் சுருட்டிய பாய். ஓட்டம் இல்லை, பதற்றம் இல்லை. வெளியூர்ப் பயணத்துக்குக் கிளம்பியவர்கள்போல நிதானமாக பஸ் நிலையத்துக்குள் நுழைந்து, நிழல் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். சிலர் தலை சீவிப் பவுடர்கூடப் போட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் கண்ணாடியைத் தட்டி, பச்சைப் பெயிண்டுக்கு மேலே எக்கிப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, பள்ளிக்கூடத்து ஸ்பெஷல் எந்த இடத்துல வந்து நிக்கும்? ஜன்னலோரம் கிடைக்குமா?"

இத்தனை காலமாக அவள் ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால் அந்த இடத்துக்கு ஒரு பஸ் போயிருக்கிறது. இன்றும் போகும் என்று நம்பி வந்திருந்தார்கள். அந்த பஸ் நிலையமோ ஊரிலேயே பள்ளமான இடம்; அதிகாரியின் வரைபடத்தில் முதலில் நீலம் பூசப்பட்டது அதுதான். உட்கார்ந்திருந்தவர்களை அவள் எழுந்து நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பச்சைப் பெயிண்ட் முடிகிற கோடு அவர்கள் கழுத்து மட்டத்தில் இருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே தலைகள் மட்டும், பொறுமையாக, அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று காத்திருந்தன.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்து, பேசுவது தன் தங்கைதான் என்று சொன்னாளாம். சத்தம் இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று குழந்தைகளை அதட்டினாளாம். இரண்டாவது தடவை வந்தது இன்னும் நன்றாக இருந்ததாம்.

"நீ ஏன்க்கா கிளம்பலே?"

"நீ பேசிட்டிருக்கும்போது பாதியில எழுந்து போறதா? நல்லாவா இருக்கும்?"

"நிஜமாவே தண்ணி வந்திருந்தா?"

"வந்திருந்தா நீ சொல்லியிருப்பியே," என்றாள் அக்கா, காலரின் மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தியபடி.

சொல்லத்தானே செய்தேன் என்பதை விழுங்கிக்கொண்டு, தங்கை தேய்த்து முடித்த சட்டைகளை அடுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் அதிகாரி கண்ணாடி அறைக்குள் வந்து, இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்தார். குறை சொல்ல வந்திருப்பார் என்று அவள் தயாராக இருந்தாள். அவர் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சாக்ஸ் மாட்டிய மைக்கையே பார்த்தார்.

"உங்க குரல்ல ஒரு குறையும் இல்லம்மா. அதான் எனக்குப் பயமா இருக்கு. அதைக் கேட்டா உலகத்துல எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு தோணுது. உங்ககிட்ட வேற குரல் ஏதாவது இருக்கா?"

அவளுக்குச் சுருக்கென்றது. வேறு முகம் இருக்கிறதா என்று கேட்பதைப்போல இருந்தது. பாதி ஆயுளைக் கொடுத்து இழைத்து இழைத்து உண்டாக்கிய குரல் அது. சைரன் வைத்துக்கொள்ளுங்களேன் என்றாள். சைரன் எங்கே போகச் சொல்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றார் அவர். வேறு ஆளைப் பாருங்கள் என்று அவள் வாய்வரை வந்துவிட்டது. பரண்மேல் அடுக்கிய சட்டைகளும், ஸ்டூல் மேல் நின்ற ஒற்றைக் காலும் நினைவுக்கு வந்தன. அக்காவைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டு, மறுபடி பதிவுக்கு வருகிறேன் என்றாள்.

இந்த முறை அதிகாரி கையில் எழுத்து ஒன்றும் இல்லை. எதிரே போர்வைச் சுவரைக் காட்டி, அங்கே உங்கள் அக்கா நிற்கிறாள், கிளம்பச் சொல்லுங்கள் என்றார். அவள் பழக்கதோஷத்தில் பொதுமக்கள் கவனத்துக்கு என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடியும் அதே இறக்கம், அதே மெத்தென்ற முடிவு. ஸ்பீக்கர்காரர் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கருவி ஓடிக்கொண்டே இருந்தது. அறையில் மத்தியானத்து அமைதி. போர்வையின் கோடுகள் மெல்ல அசைந்தன. காற்றா, கண்ணா என்று தெரியவில்லை. கோடுகளுக்குப் பின்னால் நீர் ஏறுவதுபோல இருந்தது. அதற்குள் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரு சட்டையின் கையை நீவி, மடித்து, அடுத்ததை எடுக்கிறாள். திரும்பிப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள்.

"அக்கா, போதும். எல்லாத்தையும் போட்டுட்டுக் கிளம்பு. தண்ணி வருது. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நட. பஸ்ஸுக்கு நிக்காதே, பஸ் வராது. நட. நடக்கா."

சொல்லி முடித்தபின் தொண்டை எரிந்தது. கடைசிச் சொல் இரண்டாகக் கிழிந்திருந்தது. டீக் கிளாஸோடு வாசலில் நின்ற ஸ்பீக்கர்காரர் உள்ளே வரத் தயங்கினார்.

அந்தப் பதிவு மேலதிகாரியிடம் போனபோது, அரசாங்கம் ஒரு மாவட்டத்தையே அக்கா என்று கூப்பிடலாமா, அண்ணன்மார்கள் வருத்தப்பட மாட்டார்களா என்ற கேள்வி எழுந்ததாகக் கேள்வி. எல்லா உறவையும் சேர்த்து அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்; பழைய குரல் வந்து அழகாக உட்கார்ந்துகொண்டது. அக்கா என்று கூப்பிட்டதே இருக்கட்டும் என்று அதிகாரி கோப்பை மூடினார்.

அடுத்த ஒத்திகையன்று அவள் விடுப்பு எடுத்தாள். அதிகாரி அவளிடம் மட்டும் நாளைச் சொல்லியிருந்தார். அக்காவின் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒன்றும் அறியாதவள்போல, துணிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் ஆறு வற்றி, தன் மணல்மேல் தானே படுத்துத் தூங்குவதுபோலக் கிடந்தது. சூடான துணியின் வாசனை. அக்கா எதிர்வீட்டுக்காரியின் மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பம் கரகரத்தது. பிறகு அந்தக் குரல் வந்தது.

அவள் அசையாமல் கேட்டாள். அடுத்த கம்பம், அதற்கடுத்த கம்பம். நட, நட என்று அது ஆற்றோரமாகப் போய்க்கொண்டே இருந்தது. அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மூச்சு இடறுகிறது, சொல் கிழிகிறது, ஓர் இடத்தில் அழுகையா அதட்டலா என்றே தெரியவில்லை. யார் இந்தப் பெண் என்று யோசித்தாள். இவளை எனக்கு ஏன் இத்தனை வருஷம் தெரியவில்லை? இரண்டாம் முறை வரும்போது இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும் என்று தலையைச் சாய்த்துக்கொண்டாள். கையிலிருந்த சட்டையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து ஒரே இடத்தில் ஊறியது.

"ஏய்."

நிமிர்ந்தாள். இஸ்திரிப் பெட்டியின் பிளக் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. மேஜைமேல் ஒரு சட்டை, ஒரு கை தேய்த்தபடி, மறு கை கசங்கியபடி. அக்கா கைத்தடியோடு வாசற்படியைத் தாண்டி நின்றிருந்தாள்.

"என்னடி சிலை மாதிரி உக்காந்திருக்கே? யாரோ ஒருத்தி தொண்டை கிழியக் கத்துறா, காது கேக்கலையா உனக்கு? எந்திரி."

"துணி..." என்றாள் தங்கை.

"கிடக்கட்டும். துணியா பெரிசு?"

தெருவில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பஸ் நிலையத்தின் பக்கம் யாரும் திரும்பவில்லை. பவுடர் போட நேரம் கிடைக்காத முகங்கள். மேட்டுப் பாதையில் அக்காவின் நடைக்கு ஏற்றபடி அவளும் மெதுவாக ஏறினாள். ஒரு கையால் அக்காவின் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். கீழே, அவர்களுக்குப் பின்னால், அந்தக் குரல் காலியான வீடுகளுக்குள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

பாதி ஏற்றத்தில் அக்கா மூச்சு வாங்க நின்றாள். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"பாவம்," என்றாள். "அவ அக்கா கிளம்பினாளோ இல்லையோ."

தங்கை கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"கிளம்பிட்டாக்கா," என்றாள். "நட."